டெர்ரி போகார்டோடு ஸ்மாஷ் மேடை ஏறுகிறவர்களுக்கு

நிண்டெண்டோவின் சண்டை விளையாட்டான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் 89 பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதில் டெர்ரி போகார்ட் வெளியிலிருந்து வந்த விருந்தாளி. 1991-ல் எஸ்.என்.கே. வெளியிட்ட ஃபேட்டல் ஃப்யூரியில் அறிமுகமாகி, கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் வரிசையில் பேர் வாங்கி, 2019 நவம்பர் 6-ல் கூடுதல் கதாபாத்திரமாக இங்கே வந்து சேர்ந்தார். விருந்துக்கு வந்த வீட்டிலும் தன் வீட்டுப் பழக்கத்தை விடாதவர் இவர். ஆர்கேட் காலத்துச் சண்டை விளையாட்டுகளில் ஸ்டிக்கைச் சுழற்றி அடி போட்ட முறையை அப்படியே இங்கேயும் கொண்டுவந்திருக்கிறார். புதியவர்கள் தயங்குவது அதனால்தான், பிடித்துப்போனால் விடமுடியாமல் போவதும் அதனால்தான்.

ஸ்மாஷே புதிது என்றால் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே உயிர்ப்பட்டை குறைவதில்லை, டேமேஜ் சதவீதம் ஏறும். அது ஏற ஏற அடி வாங்கினால் அதிக தூரம் பறப்பீர்கள். திரைக்கு வெளியே போய்விட்டால் ஒரு ஸ்டாக், அதாவது ஓர் உயிர், காலி. டெர்ரியைப் புரிந்துகொள்ள இந்தச் சதவீதம் முக்கியம். இவருடைய பெரிய பலமும் பெரிய பலவீனமும் 100 என்ற ஒரே எண்ணைச் சுற்றித்தான் இருக்கின்றன. எப்படி என்று போகப்போகப் பார்ப்போம்.

முதல் படி: செட்டிங்ஸ்

பயிற்சிக்கு முன்னால் கன்ட்ரோல் அமைப்பில் இரண்டு மாற்றங்கள் செய்துகொள்ளுங்கள். ஸ்டிக்கை மேலே தள்ளினால் குதிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். குதிக்கத்தான் எக்ஸ், ஒய் பட்டன்கள் இருக்கின்றனவே. இதை அணைக்காவிட்டால் ஸ்டிக்கைச் சுழற்றும்போது கை கொஞ்சம் மேலே போனாலும் டெர்ரி துள்ளிக் குதித்துவிடுவார், போட நினைத்த அடி போய்விடும்.

இரண்டாவது, வலது ஸ்டிக். அது ஸ்மாஷ் அட்டாக் என்ற வலுவான அடிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும், அதை டில்ட் அட்டாக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். டில்ட் என்றால் ஸ்டிக்கை மெதுவாகச் சாய்த்து ஏ அழுத்தும் சின்ன அடி. டெர்ரியின் ஆட்டத்தில் பாதி இந்தச் சின்ன அடிகள்தான். வலது ஸ்டிக்கில் டில்ட் வைத்தால் இடது கை கமாண்டுக்கு, அதாவது ஸ்டிக்கைச் சுழற்றி அடி போடுவதற்கு, என்றே இருக்கும். இது கட்டாயமில்லை, ஆனால் ஒரு வாரம் இப்படி ஆடிவிட்டுப் பழைய அமைப்புக்குத் திரும்புகிறவர்கள் குறைவு.

இரண்டாம் படி: எப்போதும் எதிரியைப் பார்த்து நிற்பது

ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் டெர்ரி தானாகவே எதிரியின் பக்கம் திரும்பிக்கொள்வார். ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து வந்த ரியூ, கென், டெக்கனிலிருந்து பின்னால் வந்த கசூயா ஆகிய மூவருக்கும் இதே பழக்கம் உண்டு. மூன்று நான்கு பேர் மோதும் கலவரத்தில் இது நடக்காது, அங்கே மற்றவர்களைப்போலத்தான் இவரும்.

இதில் லாபம் நிறைய. பின்வாங்கிக்கொண்டே எதிரியைப் பார்த்து அடிக்கலாம். எதிரி தலைக்கு மேலே தாண்டி அந்தப்பக்கம் இறங்கினாலும் நீங்கள் திரும்பவேண்டியதில்லை. ஆனால் பின்பக்கம் வீசும் வலுவான வான் அடியைப் போட நினைக்கும்போது, டெர்ரி எதிரியை நோக்கியே நிற்பதால் மற்ற கதாபாத்திரங்களில் கற்ற பழக்கம் உதவாது. கமாண்டுகளில் 'முன்', 'பின்' என்று நான் எழுதுவதெல்லாம் எதிரி நிற்கும் பக்கத்தை வைத்துத்தான், திரையின் வலது இடதை வைத்து அல்ல. எதிரி தாண்டிப்போன நொடியில் 'முன்' மாறிவிடும். முதலில் கை குழம்பத்தான் செய்யும்.

மூன்றாம் படி: பி பட்டன் மட்டும் போதும்

கமாண்டு எதுவும் கற்காமலே டெர்ரியை ஆடலாம். பி தரும் அடிகளை, அதாவது ஸ்பெஷல்களை, முதலில் கை பழக்கிக்கொள்ளுங்கள்.

சும்மா பி அழுத்தினால் பவர் வேவ். தரையை ஒட்டி ஓடும் நீல அலை. ஆனால் அது தரையை விட்டு எழாது, மேடை விளிம்பைத் தாண்டாது. எதிரி ஒரு குதி குதித்தால் தப்பிவிடலாம். அதனால் இதை அம்புபோல எண்ணி எறிந்துகொண்டே இருக்காதீர்கள். எதிரியைக் குதிக்கவைக்க எறியுங்கள், குதித்தவர் இறங்கும் இடத்துக்கு நீங்கள் போய்விடுங்கள். வானில் போட்டால் இது ஓடாது, பக்கத்திலேயே வெடித்து அடங்கிவிடும்.

முன்பக்கம் சாய்த்து பி என்றால் பர்னிங் நக்கிள், முஷ்டியை நீட்டிப் பாய்கிற குத்து. பின்பக்கம் சாய்த்து பி என்றால் கிராக் ஷூட், வளைந்து பாய்ந்து உதைக்கும் உதை. ஒரே பக்கவாட்டு ஸ்பெஷலில் திசையை வைத்து இரண்டு வெவ்வேறு அடி கிடைப்பது டெர்ரிக்கே உரியது. மேல் பி ரைசிங் டேக்கிள். தலைகீழாகச் சுழன்றுகொண்டு மேலே போவார். கீழ் பி பவர் டங்க். எழும்பி, அப்படியே எதிரியைக் கீழ்நோக்கி அறைவார்.

பட்டனைத் தட்டி எடுத்தால் அடி குறுகியது, அழுத்திப் பிடித்தால் வலுவும் தூரமும் கூடும். இந்த வித்தியாசத்தைப் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதே இல்லை. பர்னிங் நக்கிளில் இது பளிச்சென்று தெரியும். தட்டிய குத்து அரைமேடைகூடப் போகாது, பிடித்த குத்து எங்கேயோ இருப்பவரைப் போய் எட்டும். தூரம் போனால் நல்லதுதானே என்று எப்போதும் பிடிக்காதீர்கள். அது ஷீல்டில் (அடியைத் தடுக்கும் கவசம்) மோதினால் நீங்கள் எதிரியின் காலடியில் நின்றுகொண்டிருப்பீர்கள், அடுத்த அடி அவருடையது.

நான்காம் படி: ஜாப், ஜாப், பவர் டங்க்

டெர்ரியின் உண்மையான பலம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜாப் (சும்மா ஏ அழுத்தினால் வரும் குத்து), டில்ட் போன்ற சாதாரண அடிகள் பட்ட அந்தக் கணத்திலேயே அதை வெட்டிவிட்டு ஸ்பெஷலுக்குத் தாவலாம். இதைத்தான் கேன்சல் என்கிறார்கள். பெரும்பாலான ஸ்மாஷ் கதாபாத்திரங்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் ஓர் அடி அடித்து, கை காலை ஒழுங்குபடுத்திக்கொண்டு, அப்புறம்தான் அடுத்தது.

முதல் காம்போவாக, அதாவது விடாமல் விழும் அடித்தொடராக, ஏ, ஏ, கீழ் பி பழகுங்கள். இரண்டு ஜாப், உடனே பவர் டங்க். மூன்றாவது ஜாப் வரும் முன் கீழ் பி விழவேண்டும். பயிற்சி அறையில் பொம்மையை நிற்கவைத்து வேகத்தைக் குறைத்துச் சில முறை செய்து பார்த்தால் தாளம் பிடிபடும். இது வந்துவிட்டால் கீழ் டில்ட்டிலிருந்து பவர் டங்க், கீழ் டில்ட்டிலிருந்து ரைசிங் டேக்கிள் என்று விரிக்கலாம். வானிலிருந்து இறங்கும்போது நியூட்ரல் ஏர் (வானில் ஸ்டிக்கைச் சாய்க்காமல் ஏ) பட்டால் அதைத் தொடர்ந்து ஜாப், பிறகு பவர் டங்க். இந்த ஒரு வரியை வைத்தே நீங்கள் நிறைய ஸ்டாக் எடுப்பீர்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். ஜாப் பட்டதா என்று பார்க்காமலே மூன்று பட்டனையும் ஒரு மூச்சில் அழுத்திவிடுவார்கள். எதிரி ஷீல்டு போட்டிருந்தாலும் கேன்சல் நடக்கும், பவர் டங்க் போய்விடும், கீழே இறங்கும் டெர்ரியை எதிரி நிதானமாக அடிப்பார். இரண்டு ஜாப் என்பது வெறும் அடி அல்ல, உங்களுக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம். முதல் ஜாப்பில் கண்ணால் பாருங்கள், இரண்டாவதில் முடிவெடுங்கள். பட்டால் டங்க். ஷீல்டு என்றால் அங்கேயே நிறுத்துங்கள், இல்லையென்றால் தட்டி எடுத்த பவர் வேவ் மாதிரி சின்னதாக ஏதாவது. இந்தப் பொறுமை வந்தால்தான் டெர்ரி உங்கள் கைக்கு வந்ததாக அர்த்தம்.

இன்னொரு சின்ன ஆயுதமும் இருக்கிறது. நின்ற இடத்திலேயே விலகும் ஸ்பாட் டாட்ஜைப் போட்டு உடனே ஏ அழுத்தினால், விலகியபடியே ஓர் அடி வரும். எதிரி நெருங்கிவந்து அடிக்கிற பழக்கமுள்ளவர் என்றால் இது நன்றாக உதவும். ஒரே ஆட்டத்தில் மூன்று முறைக்கு மேல் செய்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: கமாண்டுகள்

அதே ஸ்பெஷல் அடிகளை ஸ்டிக்கைச் சுழற்றிப் போட்டால் வலு கூடும். பவர் வேவுக்கு மட்டும் கமாண்டு கிடையாது. மற்றவை இவை:

பர்னிங் நக்கிள்: கீழ், கீழ்-முன், முன், ஏ அல்லது பி.
கிராக் ஷூட்: கீழ், கீழ்-பின், பின், ஏ அல்லது பி.
பவர் டங்க்: முன், கீழ், கீழ்-முன், ஏ அல்லது பி.
ரைசிங் டேக்கிள்: கீழே கொஞ்ச நேரம் பிடித்திருந்து மேல், ஏ அல்லது பி.

சண்டை விளையாட்டு ஆடுகிறவர்கள் இவற்றை எண்களில் எழுதுவார்கள். கணினி விசைப்பலகையின் எண் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள், 5 நடு, 2 கீழ், 6 முன். அந்தக் கணக்கில் பர்னிங் நக்கிள் 236, பவர் டங்க் 623. காணொளிகளில் இந்த எண்கள் வந்தால் பயப்படவேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க முயலாதீர்கள். முதலில் பவர் டங்க், ஏனென்றால் அதை ஏற்கெனவே காம்போவில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்தது ரைசிங் டேக்கிள். குனிந்து உட்கார்ந்திருந்தாலே அதற்குத் தேவையான 'பிடித்தல்' ஆகிவிடும், மேலே தள்ளி அழுத்தினால் போதும். கமாண்டில் வரும் ரைசிங் டேக்கிளின் தொடக்கத்தில் எதிரியின் அடி உங்கள் மேல் படாத ஒரு கணம் உண்டு. எதிரி மேலிருந்து விழுந்து அடிக்கவரும்போது குனிந்து காத்திருந்து இதைப் போட்டால் அவர் அடி காற்றில் போகும், உங்கள் அடி விழும். கிராக் ஷூட்டின் கமாண்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

கமாண்டு பழகத் தொடங்கியதும் ஒரு தொல்லை வரும். சும்மா ஒரு டில்ட் போட நினைப்பீர்கள், டெர்ரி பர்னிங் நக்கிளோடு மேடையைத் தாண்டிப் பாய்ந்திருப்பார். குனிந்திருந்து முன்னால் நடந்து ஏ அழுத்தினால் விளையாட்டு அதை 236 என்றே படிக்கும். ஏ பட்டனுக்கும் கமாண்டு வேலை செய்வதால் வரும் வினை இது. வலது ஸ்டிக்கில் டில்ட் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். ஸ்டிக்கை ஒரு கணம் நடுவில் விட்டுவிட்டு அழுத்தினாலும் சரியாகிவிடும்.

பழக நல்ல இடம் டெர்ரியோடு சேர்ந்து வந்த கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஸ்டேடியம். இங்கே பள்ளமே இல்லை. இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத சுவர், மிகவும் வலுவான அடிதான் அதை உடைத்து வெளியே தள்ளும். கீழே விழுகிற கவலை இல்லாமல் கமாண்டில் மட்டும் கவனம் வைக்கலாம். பின்னணியில் ஃபேட்டல் ஃப்யூரி உலகத்துப் பழைய முகங்கள் வந்துபோவார்கள். கவர்ச்சி உடையில் வரும் பெண் போராளி மாய் ஷிரானுய் மட்டும் இருக்கமாட்டார். சின்னப் பிள்ளைகளும் ஆடும் விளையாட்டு என்று இயக்குநர் மசாஹிரோ சகுராயே சிரித்துக்கொண்டே காரணம் சொன்னார்.

ஆறாம் படி: 100-ஐத் தாண்டினால்

இப்போது முதலில் சொன்ன எண்ணுக்கு வருவோம். உங்கள் டேமேஜ் 100 சதவீதத்தைத் தொட்டதும் உங்கள் சதவீதத்துக்குப் பக்கத்தில் 'கோ' என்ற குறி வரும். அதிலிருந்து சூப்பர் ஸ்பெஷல் அடிகள் இரண்டு திறந்துவிடும். அந்த ஸ்டாக் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். உயிர்ப்புள்ளி வைத்து ஆடும் ஸ்டாமினா முறையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் இதே உரிமை கிடைக்கும்.

பஸ்டர் வுல்ஃப்: கீழ், கீழ்-முன், முன், மறுபடி கீழ், கீழ்-முன், முன், ஏ அல்லது பி. அதாவது 236 இரண்டு தடவை. டெர்ரி முன்னால் பாய்ந்து, பட்டால் "ஆர் யூ ஓகே?" என்று கேட்டுவிட்டு வெடிப்பார். பவர் கெய்சர்: கீழ், கீழ்-பின், பின், கீழ்-பின், முன், ஏ அல்லது பி. தரையைக் குத்தியதும் எதிரே பெரிய தீத்தூண் எழும்.

பஸ்டர் வுல்ஃபை வெறுமனே தூரத்திலிருந்து எறிகிறவர்கள்தான் அதிகம். அது ஷீல்டில் பட்டால் எதிரி உங்களை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், 100-ஐத் தாண்டிய நிலையில் ஓர் அடி போதும் ஸ்டாக் போக. அதை எப்போதும் ஏதாவது ஓர் அடி பட்டதற்குப் பின்னால் மட்டும் போடுங்கள். ஜாப், ஜாப், பஸ்டர் வுல்ஃப். இல்லையென்றால் கீழ் டில்ட், பஸ்டர் வுல்ஃப். கீழ் டில்ட் எளிது, ஸ்டிக் ஏற்கெனவே கீழே இருக்கிறது. அந்த அடி விழுகிற நேரத்திலேயே முதல் சுழற்சியை முடித்துவிட்டால், பட்டது தெரிந்ததும் இரண்டாவது சுழற்சி மட்டும்தான் பாக்கி. கை வேகத்தைவிட இந்த முன்யோசனைதான் வேலை செய்கிறது. பவர் கெய்சர் கையைக் கொஞ்சம் முறுக்கும் கமாண்டு. மேலிருந்து இறங்குகிறவரையும் விளிம்பிலிருந்து எழுந்து வருகிறவரையும் அதன் உயரமும் அகலமும் பிடித்துவிடும். முதல் சில வாரங்களுக்குப் பஸ்டர் வுல்ஃப் மட்டும் போதும் என்பது என் எண்ணம்.

'கோ' குறி வந்ததும் அடி போடாமலே ஒரு லாபம் இருக்கிறது. எதிரி கவனமாகிவிடுவார். முன்னால் வந்து வீண் அடி வீசத் தயங்குவார், ஷீல்டுக்குள்ளேயே ஒளிவார். ஒளிகிறவரைப் பிடித்து எறியுங்கள். டெர்ரியின் பிடிகள் ஆட்டத்தை முடித்துவைக்கிற ரகம் இல்லை, ஆனாலும் ஷீல்டை நம்பக்கூடாது என்று எதிரிக்குப் புரியவைக்கும். இதோடு ஸ்மாஷில் எல்லோருக்கும் உள்ள ரேஜ் விதியும் சேர்ந்துகொள்ளும். 35 சதவீதத்தில் தொடங்கி 150 வரை, உங்கள் டேமேஜ் ஏற ஏற நீங்கள் அடிக்கும் அடியின் தள்ளும் வலு கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்.

இந்த நிலையில் நெடுநேரம் நிற்க டெர்ரியின் எடை உதவுகிறது. ரியூ, கென் இருவரையும்விடக் கனமானவர், சீக்கிரம் பறந்துபோகமாட்டார். அடி வாங்கிப் பக்கவாட்டில் பறக்கும்போது ஸ்டிக்கை மேடைப் பக்கமாகவும் மேல்நோக்கியும் சாய்த்துப் பிடியுங்கள், பறக்கும் பாதை கொஞ்சம் வளைந்து உயிர் தப்பும். வேறு எந்தக் கதாபாத்திரத்துக்கும் இது நல்ல பழக்கம்தான். டெர்ரிக்கோ இப்படித் தப்பிய ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு பஸ்டர் வுல்ஃப் வாய்ப்பு.

ஏழாம் படி: விளிம்புக்கு வெளியே

சரி, எதிரிப்பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். 100-ஐத் தாண்டிய டெர்ரி ஆபத்து என்றால், தாண்டவே விடாமல் செய்வதுதானே புத்திசாலித்தனம்? அதற்கு வழி இருக்கிறது, டெர்ரியை மேடைக்கு வெளியே தள்ளி, திரும்பி வரவிடாமல் செய்வது. 50, 60 சதவீதத்தில் வெளியே விழுந்து செத்துவிட்டால் நீங்கள் இவ்வளவு பாடுபட்டுக் கற்ற பஸ்டர் வுல்ஃப் அந்த ஸ்டாக்கில் வரவே வராது. டெர்ரியின் மிகப்பெரிய பலவீனம் ரெக்கவரிதான். வானில் பக்கவாட்டு வேகம் சுமார். ரைசிங் டேக்கிள் மேலே போகும், பக்கவாட்டில் பெரிதாகப் போகாது. வரும் பாதையை எவரும் ஊகித்துவிடலாம்.

அதனால் திரும்பி வருவதைத் தனியாகவே பழகுங்கள். தூரமாக இருந்தால் முதலில் பக்கவாட்டு ஸ்பெஷல் ஒன்றால் மேடையை நெருங்குங்கள், உயரம் குறைந்ததும் இரண்டாவது குதியும் ரைசிங் டேக்கிளும். இரண்டாவது குதியை அவசரப்பட்டு முதலிலேயே செலவழிக்காதீர்கள். அது போய்விட்டால் மிச்சமிருக்கும் வழி ஒன்றுதான், எதிரிக்கும் அது தெரியும். பர்னிங் நக்கிளோடு வரும்போது எதிரி விளிம்பில் ஷீல்டோடு காத்திருந்தால், சில நேரம் வேண்டுமென்றே தாழ்வாக இறங்கி லெட்ஜை (மேடையின் ஓரத்தை) பிடிப்பது மேல். வெளியே பறந்துகொண்டிருக்கும்போது பவர் டங்க் வேண்டவே வேண்டாம், உங்களைக் கீழேதான் இழுத்துப்போகும்.

லெட்ஜைப் பிடித்ததும் எழுவது, உருள்வது, குதிப்பது, அடித்தபடி எழுவது, கைவிட்டு விழுந்து வானிலிருந்து வருவது என்று பல வழி. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யாமல் இருந்தால் பாதி பிரச்சினை தீரும். விட்டுவிட்டு மறுபடி பிடித்தால் முதல்முறை கிடைத்த பாதுகாப்பு இரண்டாம் முறை கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தூரத்திலிருந்து அம்பும் குண்டும் எறிகிறவர்கள் இன்னொரு தலைவலி. சாமுஸ், லிங்க் போன்றவர்களிடம் பவர் வேவால் பதிலுக்குப் பதில் எறிந்து ஜெயிக்கமுடியாது. அங்கே ஓடிப் பிடிக்கவும் முடியாது. நடந்து, ஷீல்டு போட்டு, இன்னும் கொஞ்சம் நடந்து, அவர்கள் பின்வாங்க இடமில்லாத விளிம்புவரை தள்ளிக்கொண்டுபோவதுதான் வழி. அலுப்பான வேலை, ஆனால் மூலையில் நிற்கும் லிங்குக்கு ஒரு ஜாப் பட்டால் போதும். வாள் வைத்திருப்பவர்களிடமும் இதே கதை. டெர்ரியின் கைகால் எட்டும் தூரம் குறைவு, அவர்கள் வாளை வீசி முடித்து நிற்கும் இடைவெளியில்தான் உள்ளே நுழையமுடியும்.

பழகும் முறையைப் பற்றி ஒன்று. பொம்மையிடம் காம்போ வந்துவிட்டதும் உடனே இணையத்தில் போய் மோதாதீர்கள். நடுத்தரமான கணினி எதிரியோடு, பள்ளமுள்ள பேட்டில்ஃபீல்டு மேடையில், வேண்டுமென்றே அடி வாங்கி 100-ஐத் தாண்டிவிட்டு, அதற்குப் பிறகு ஜாப், ஜாப், பஸ்டர் வுல்ஃப் ஒன்றால் மட்டும் ஸ்டாக் எடுக்க முயலுங்கள். எதிரி நகர்ந்துகொண்டே இருக்கும்போது 'முன்' எது என்று கைக்குத் தெரிகிறதா என்பது அங்கேதான் தெரியவரும். ஒரு பக்கமிருந்து நன்றாக வருகிறது, மறுபக்கம் வரவில்லை என்றால் வராத பக்கமாகவே போய் நின்று அடியுங்கள்.